மேலவை ஒழிந்தது ஒரு நடிகையாலா?

வாசகர் கேள்வி, மார்ச் 4

எம்.ஜி.ஆர். ஒரு நடிகையை மேலவைக்கு அனுப்பப் பார்த்தார். முடியவில்லை. கோபத்தில் மேலவையையே கலைத்துவிட்டார். தமிழ்நாட்டு மேலவையின் கதை இவ்வளவுதானே? இதற்கு ஏதோ பெரிய வரலாறு இருப்பதுபோல் ஏன் பேசுகிறார்கள்?

மார்ச் 4, இரவு 9.40

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். சட்டமன்றத்தில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு எம்.எல்.ஏ.க்களை அனுப்பும் அவை பேரவை, அதற்கு மேலே இருந்த இரண்டாவது அவை மேலவை. மேலவையைக் கலைக்க முடியாது. பேரவையைத்தான் கலைக்கலாம். மேலவையில் ஓர் உறுப்பினருக்கு ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் வெளியே போவார்கள், அந்த இடத்துக்குப் புதியவர்கள் வருவார்கள். அவை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கலைக்க வழி இல்லாததால்தான் ஒழிக்க வேண்டியதாயிற்று.

நடிகை கதை பொய்யில்லை. 1986 ஏப்ரலில் வெண்ணிற ஆடை நிர்மலாவை மேலவைக்குக் கொண்டுவர முயற்சி நடந்தது. அவர் திவாலானவராக அறிவிக்கப்பட்டிருந்தார். திவாலானவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டம். எம்.ஜி.ஆர். 4,65,000 ரூபாய் கொடுத்து அந்தக் கடனை அடைக்க வைத்தார் என்று சொல்வார்கள். வழக்கு வந்தது. சரியாக விசாரிக்காமல் பெயர் எப்படி வந்தது என்று ஆளுநர் குரானா விளக்கம் கேட்டார். மே 14ஆம் தேதி, மேலவை வேண்டாம் என்று பேரவையில் தீர்மானம். நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நவம்பர் 1 முதல் மேலவை இல்லை.

ஏப்ரலில் அவமானம், மே மாதம் தீர்மானம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் நீங்கள் சொன்னதுதான் தோன்றும். எனக்கும் பல ஆண்டு அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த 1986ஆம் ஆண்டிலேயே, ஏப்ரலுக்கு முன்னால் பிப்ரவரி என்று ஒரு மாதம் இருந்தது. நாளை எழுதுகிறேன், கண் எரிகிறது.

மார்ச் 5, காலை 6.15

பிப்ரவரி விஷயம்.

மேலவையில் 63 இடம். அதில் 21 பேரைப் பேரவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 21 பேரை நகராட்சி, ஊராட்சி ஒன்றியம் போன்ற உள்ளாட்சிக்காரர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பட்டதாரிகள் 6, ஆசிரியர்கள் 6. மீதி 9 பேர் நியமனம்: இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகசேவை என்று எழுதி வைத்திருப்பார்கள்.

1986 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஊராட்சிகளுக்கு 1970க்குப் பிறகு அதுதான் முதல் தேர்தல். பதினாறு ஆண்டு! பல நகராட்சிகளில் தி.மு.க. ஜெயித்தது. இப்போது கணக்கைப் போடுங்கள். உள்ளாட்சியிலிருந்து மேலவைக்குப் போகும் மூன்றில் ஒரு பங்கு இனி யார் கையில்? கருணாநிதி அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? மேலவையில். 1983இல் ஈழத் தமிழர் பிரச்சினைக்காகப் பேரவைப் பதவியை விட்டு விலகினார், 1984இல் மேலவைக்கு வந்தார். 84 இறுதியில் நடந்த பொதுத் தேர்தலில் நிற்கவே இல்லை.

ஆகவே பேரவையில் எம்.ஜி.ஆருக்கு வசதியான பெரும்பான்மை. மேலவையிலோ எதிரே கருணாநிதி, அவருக்குப் பின்னால் பெருகப் போகிற கூட்டம். நடிகை விவகாரம் தீக்குச்சி என்று வைத்துக்கொள்ளலாம். வைக்கோல் பிப்ரவரியிலேயே காய்ந்துவிட்டது.

இதை நான் நிரூபிக்க முடியாது. எம்.ஜி.ஆர். மனதுக்குள் என்ன ஓடியது என்று யாருக்கும் ரசீது கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் தேதி வரிசை என் பக்கம்.

மார்ச் 5, மதியம்

ஒன்று விட்டுவிட்டேன். மேலவையை ஒழித்த எம்.ஜி.ஆர். தாமே ஒரு காலத்தில் எம்.எல்.சி., அதாவது மேலவை உறுப்பினர். 1962இல் தி.மு.க. சார்பில் போனார், 1964இல் விலகினார். தான் ஏறிய படியைத் தானே இடித்தவர்.

மார்ச் 6, இரவு 10.05

"அறிஞர்கள் இருந்த அவை, அதை அரசியல்வாதிகள் அழித்துவிட்டார்கள்" என்று சேலத்து நண்பர் எழுதியிருக்கிறார். நேற்றுவரை நானும் இதையேதான் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் இருந்த அவை, தமிழறிஞர் ம.பொ.சி. தலைமை தாங்கிய அவை, முத்துலட்சுமி ரெட்டி துணைத் தலைவராக இருந்த அவை. இப்படிப் பெயர்களை அடுக்கினால் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்வார், பாயசம் வந்துவிடும்.

ம.பொ.சி. பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோனவர். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். பட்டதாரிகளுக்குத் தனி ஓட்டு கொடுத்த அவைக்கு 1978 முதல் கடைசி நாள்வரை அவர்தான் தலைவர். இந்த முரண் எனக்குப் பிடிக்கும். அவை ஒழிந்த அன்று அவருடைய நாற்காலியும் போயிற்று.

மார்ச் 7, காலை

தவறு செய்துவிட்டேன். நாகர்கோவிலிலிருந்து ஒருவர் சரியாகப் பிடித்தார்.

முத்துலட்சுமி ரெட்டி இருந்தது மேலவை அல்ல. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'லெஜிஸ்லேடிவ் கவுன்சில்' என்று பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம். 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆளுநருக்கு ஆலோசனை சொல்ல ஏற்படுத்திய சபையிலிருந்து 1937 வரை, சென்னை மாகாணத்தில் இருந்தது ஒரே அவை, சட்டசபை. மேலே ஒன்று கீழே ஒன்று என்ற பேச்சே இல்லை. 1919 சட்டம் வந்து, 1920இல் தேர்தல் நடந்து, நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்ததும் அந்த ஒற்றை அவையில்தான். முத்துலட்சுமி ரெட்டி 1927இல் அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் போராடியதும் அங்கேதான். 1930இல் காந்தி கைதானபோது பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார்.

இரண்டு அவை வந்தது 1935 சட்டத்தால், நடைமுறையில் 1937இல். கீழே 215 பேர் கொண்ட பேரவை. அதே பழைய பெயரோடு பழைய சபை மாடிக்குப் போயிற்று, 54லிருந்து 56 பேர் வரை. வீட்டில் மூத்தவரைத் திண்ணையிலிருந்து எழுப்பி மாடி அறைக்கு அனுப்புவதுபோல. மரியாதைதான், ஆனால் கல்லாப்பெட்டி சாவி இனி அவரிடம் இல்லை.

எனவே என் கல்யாண வீட்டுப் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது. அதுவும் மிகப் பெரிய பெயர்.

மார்ச் 7, இரவு 8.30

மேலே "கல்லாப்பெட்டி சாவி" என்று எழுதியதற்கு விளக்கம் கேட்கிறார்கள். நிதி மசோதா மேலவைக்கு வந்தால் 14 நாள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். மற்ற மசோதாக்களை முதலில் மூன்று மாதம், பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் மேலவை என்ன சொன்னாலும் பேரவை சொன்னதுதான் சட்டம். டில்லியில் இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் உண்டு. மாநிலத்தில் அதுவும் கிடையாது. குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.சி.க்கு ஓட்டு இல்லை. மாநிலங்களவைக்கு ஆள் அனுப்பும் தேர்தலிலும் இல்லை.

இதில் உச்சம் ஒன்று உண்டு. மேலவையை ஒழிக்கலாமா என்பதில் மேலவைக்கே ஓட்டு இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 169ஆம் பிரிவைப் பாருங்கள். பேரவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. இது இருந்தால் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் போட்டு முடித்துவிடலாம். பந்தியில் உட்கார்ந்திருப்பவரை எழுப்புவதற்கு அவரைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்டார்கள்.

மார்ச் 8

ராஜாஜி பற்றிக் கேட்டவருக்கு.

1952 முதல் பொதுத் தேர்தலில் சென்னை மாநிலத்தில் 375 இடம். காங்கிரசுக்கு 152தான். முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார். கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆட்சி அமைத்துவிடுவார்கள் என்ற நிலை. அப்போது ராஜாஜியைத் தேடிப் போனார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். நியமித்து, முதலமைச்சராகவும் ஆக்கினார். எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை. இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகசேவை என்று எழுதியிருக்கும் அந்த வாசல் வழியாக ஒரு முதலமைச்சர் உள்ளே வந்தார். ராஜாஜி எழுத்தாளர்தானே என்று வாதாடலாம். வாதாடினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அன்றைக்கு யாரும் அவரை எழுத்துக்காகக் கூப்பிடவில்லை.

மக்களிடம் ஓட்டுக் கேட்காமல் கொல்லைப்புற வழியாக வந்தவர் என்ற பேச்சு அவரை விடவில்லை. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் குடும்பத் தொழில் என்ற குலக்கல்வித் திட்டம் வந்து எதிர்ப்புக் கிளம்பியபோது அந்தப் பேச்சு இன்னும் உரத்துக் கேட்டது. 1954இல் விலகினார்.

அடுத்து வந்த காமராஜர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். பேரவையில் இல்லை. அவரும் அதே கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கலாம். அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து வந்தார். மேலவை பற்றிய விவாதத்தில் நான் காமராஜர் கட்சி.

மார்ச் 8, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. காமராஜர் கட்சி என்று மார்தட்டியதைக் கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன். 1967இல் அண்ணா? தென் சென்னையிலிருந்து மக்களவைக்கு ஜெயித்தவர். பேரவைக்கு நிற்கவில்லை. முதலமைச்சரானதும் மேலவைக்குத்தான் வந்தார். அவரை யாரும் கொல்லைப்புற வழி என்று ஏசியதாக எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. மக்கள் ஓட்டுப் போட்டது அவர் கட்சிக்கு, அவர் முகத்துக்கு. ராஜாஜிக்கு அப்படி இல்லை. எனவே கதவு அதே கதவுதான். உள்ளே வருபவரைப் பொறுத்து அது தலைவாசலாகவோ புறவாசலாகவோ தெரிகிறது.

நியமனம் வேறு, தேர்தல் வேறு என்று காலையில் யாராவது எழுதுவார்கள். தெரியும். ராஜாஜி நியமனம், அண்ணா தேர்வு. ஆனால் எங்கள் தெருவில் அந்த வேறுபாட்டை யாரும் பார்த்ததில்லை.

மார்ச் 10, மாலை

ஆறு நாளாக ஒரே அரசியல். வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பா உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், வரலாறும் புவியியலும். அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியை. எழுபதுகளில் ஆசிரியர் தொகுதித் தேர்தல் வரும்போது அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு புறப்படுவார். மற்றத் தேர்தலுக்கெல்லாம் அப்படி இல்லை, லுங்கியோடு போய் வரிசையில் நின்றுவிட்டு வருவார். மேல்சபைத் தேர்தல் மட்டும் அவருக்குச் சடங்கு.

அதில் முத்திரை குத்துவது கிடையாது. வாக்குச் சீட்டில் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். உனக்கு முதலில் யார், அவர் இல்லையென்றால் யார், அவரும் இல்லையென்றால் யார். அப்பா இதைச் சொல்லும்போது ஏதோ மந்திரம் சொல்வதுபோல் இருக்கும். ஒருமுறை அவருடைய பள்ளிக் கணக்கு ஆசிரியர் மனசாட்சிப்படி இரண்டு பேருக்கும் 1 என்று போட்டுவிட்டு வந்தாராம். "இருவரும் சமம், அதனால் இரண்டும் ஒன்று" என்றாராம். ஓட்டு செல்லாது. கணக்கு ஆசிரியரின் ஓட்டு எண் பிழையால் செல்லாமல் போனதை அப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

அம்மாவுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. சட்டத்தின்படி உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனத்தில் பாடம் நடத்துபவர்தான் ஆசிரியர் தொகுதி வாக்காளர். அதாவது ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அசோகர் கதை சொன்னால் ஆசிரியர். ஐந்து வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து மணலில் 'அ' எழுத வைத்தால் ஆசிரியை இல்லை. அப்பா வேட்டி கட்டும்போது அம்மா அடுப்படியிலிருந்து, "போய் வாருங்கள், ஆசிரியர் போய் வரட்டும்" என்பார். நாங்கள் அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தோம்.

மார்ச் 11, காலை 7.00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் திருச்சி நண்பர் ஒரு தகவல் சொன்னார், எனக்கும் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பட்டதாரித் தொகுதியில் ஓட்டுப் போட பட்டம் வேண்டும். நிற்பதற்கு? சென்னை மாவட்டப் பட்டதாரித் தொகுதித் தேர்தல் ஒன்று வழக்காகி உச்ச நீதிமன்றம்வரை போனது. பட்டதாரிகளின் பிரதிநிதி பட்டதாரியாக இருக்க வேண்டாமா என்பது கேள்வி. உயர் நீதிமன்றம் வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 1972இல், சட்டத்தில் அப்படி எழுதவில்லை, பட்டம் தேவையில்லை என்றது.

ஆக, பட்டதாரிகளின் உறுப்பினர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களின் வாக்காளர் பட்டியலில் பாதி ஆசிரியர்களுக்கு இடம் இல்லை. அறிஞர் அவை, அறிஞர் அவை என்று நான் சொல்லி வந்ததன் அடியில் இருந்த கட்டுமானம் இது. தீர்ப்பு சரியான தீர்ப்புதான், ம.பொ.சி.யை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருக்கிறது. ஆனால் அப்புறம் எதற்காக அந்தத் தொகுதி?

மார்ச் 11, இரவு

"பாதி ஆசிரியர்கள்" என்றது வாய்க்கு வந்த கணக்கு. எண்ணிப் பார்க்கவில்லை. "பெருந்தொகையான ஆசிரியர்களுக்கு" என்று படித்துக்கொள்ளவும்.

மார்ச் 12

மட்டக்களப்பிலிருந்து எழுதியவருக்கு நன்றி. ஆம், இலங்கையின் செனட் சபையும் இதே குடும்பம்தான். 30 பேர். பாதிப் பேரைக் கீழவை தேர்ந்தெடுக்கும், பாதிப் பேர் நியமனம். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானது செனட் வழியாக. நம் ராஜாஜிக்கு எட்டு ஆண்டு கழித்து, கடலுக்கு அந்தப் பக்கம் அதே கதவு. அந்த செனட்டை 1971இல் ஒழித்தது யாருடைய ஆட்சி? அதே சிறிமாவோ ஆட்சி. மேல்மாடி வழியாக வருபவர்களுக்கு ஏணியை இழுத்துப் போடும் வழக்கம் எங்கும் இருக்கிறது போலும்.

மார்ச் 13, காலை 11.20

"ஒழித்ததோடு முடிந்ததா" என்று கேட்கிறார் முதல் கேள்வி கேட்ட அதே தம்பி. முடிந்திருந்தால் நல்லது.

1989 ஜனவரியில் கருணாநிதி மறுபடி முதல்வர். பிப்ரவரி 20ஆம் தேதியே மேலவை வேண்டும் என்று தீர்மானம். நாற்காலி சூடாவதற்குள். மாநிலங்களவையில் 1990 மே மாதம் மசோதா நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறவில்லை. 1991 ஜனவரியில் ஆட்சியே போயிற்று. ஜெயலலிதா வந்ததும் அதே ஆண்டு அக்டோபரில் "வேண்டாம்" தீர்மானம். 1996இல் கருணாநிதி, "வேண்டும்". 2001இல் அ.தி.மு.க., "வேண்டாம்". 2010 ஏப்ரல் 12, "வேண்டும்". இந்த முறை நாடாளுமன்றம் மே மாதமே சட்டம் இயற்றிவிட்டது. 78 இடம். பேரவையின் 234இல் மூன்றில் ஒரு பங்கு, சட்டம் அனுமதிக்கும் உச்சம். 2011 மே மாதம் ஆட்சி மாறியது, ஜூன் மாதம் "வேண்டாம்". 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. மறுபடியும், "வேண்டும்".

எங்கள் ஊரில் வாய்க்கால் மதகை மேல்கரைக்காரர் திறப்பார், கீழ்கரைக்காரர் மூடுவார். தண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள்.

இதற்கிடையில் ஆந்திரா: என்.டி.ஆர். 1985இல் ஒழித்தார், 2007இல் உயிர் வந்தது, 2020இல் ஜெகன் ஆட்சியில் ஒழிக்கத் தீர்மானம், 2021இல் அந்தத் தீர்மானத்தையே திரும்பப் பெற்றார்கள். மேற்கு வங்கம் 1969இல் ஒழித்துவிட்டு 2021இல் திரும்பக் கேட்டது. மேலவையில் எண்ணிக்கை எதிரியிடம் இருந்தால் அது வீண் செலவு. நம்மிடம் வரப் போகிறதென்றால் அது ஜனநாயகத்தின் காவல். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லா மாநிலத் தேதிகளும் விளங்கும்.

மார்ச் 13, இரவு 9.15

என் சொந்த 2010 கதை. இதைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

அந்த ஆண்டின் கடைசியில் பட்டதாரி வாக்காளர்களைப் பட்டியலில் சேர்க்கத் தொடங்கினார்கள். 18ஆம் எண் படிவம். பட்டம் பெற்று மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். நான் பி.காம். முடித்தது 1979. அஞ்சலகத்தில் வேலை, ஓய்வு பெற இன்னும் சில ஆண்டு. சான்றிதழைத் தேடி எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. நகல் எடுத்து, கையொப்பம் வாங்கி, ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவருக்கு அந்தப் படிவம் எதற்கென்றே தெரியவில்லை. "ரேஷன் கார்டா?" என்றார். மேலவை என்றேன். "எந்த மேலவை?" என்றார். கோபம் வரவில்லை. அவர் பிறந்தபோதே மேலவை ஒழிந்திருக்கும். மூன்றாவது முறை போனபோது வாங்கிக்கொண்டார்கள். ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள்.

தேர்தல் வரவில்லை. ஒரு நாளும் 1, 2, 3 எழுதவில்லை. கணக்கு ஆசிரியர் செய்த தவறைச் செய்யும் வாய்ப்புகூட எனக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் 14, காலை 5.50

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இதுவரை யாரும் பார்க்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

1979இல் பட்டம். மூன்று ஆண்டு கழித்து 1982. அதிலிருந்து 1986 வரை நான் பட்டதாரித் தொகுதி வாக்காளராகப் பதிந்திருக்கலாம். மேலவை உயிரோடு இருந்தது. எனக்கு வயது இருபத்தைந்து சொச்சம், சைக்கிள் இருந்தது, அலுவலகம் பக்கத்தில் இருந்தது. நான் பதியவில்லை. ஏன் என்று யோசித்தேன். எதிர்ப்பு, கொள்கை என்று எதுவும் இல்லை. நினைவே வரவில்லை. என்னோடு படித்தவர்களில் பதிந்தவர் யார் என்று மூன்று பேருக்குத் தொலைபேசியில் கேட்டேன். ஒருவரும் இல்லை. ஒருவர், "அப்படி ஒன்று இருந்ததா?" என்றார். பி.ஏ. அரசியல் விஞ்ஞானம்.

1986 மே 15ஆம் தேதி காலையில் செய்தித்தாளில் தீர்மானச் செய்தி வந்தபோது நான் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தேன். யாரோ உரக்கப் படித்தார்கள். யாரோ நடிகை பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சென்னைப் பையைக் கட்டினோம்.

அதனால் முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு நான் கொடுக்கும் பதில் பத்து நாள் முன்னால் இருந்தது இல்லை. நடிகையால் ஒழியவில்லை என்பதில் மாற்றம் இல்லை. உள்ளாட்சிக் கணக்கு, கருணாநிதி, எல்லாம் சரி. ஆனால் தீர்மானம் வந்தபோது தெருவில் யாரும் இறங்காததற்கு எம்.ஜி.ஆர். காரணம் இல்லை. நானும் காரணம். ஓட்டு இருந்தவர்கள் போடவில்லை. போட விரும்பியவர்களுக்கு ஓட்டு இல்லை.

மார்ச் 14, மாலை

"உங்கள் அப்பா போட்டாரே" என்று சேலத்து நண்பர். போட்டார். ஒழித்த அன்று அப்பா என்ன சொன்னார் என்றும் கேட்கிறார். நான் வீட்டில் இல்லை, வேலையில் வெளியூரில் இருந்தேன். அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது அந்தப் பேச்சை எடுத்தேன். "இனி அந்தச் சலவை வேட்டிக்கு வேலை இல்லை" என்றார். அவ்வளவுதான். குறுவைக்குத் தண்ணீர் வருமா என்ற பேச்சுக்குப் போய்விட்டார்.

மார்ச் 16

மறுபடி வர வேண்டுமா வேண்டாமா, ஒரே வரியில் சொல்லுங்கள் என்கிறார்கள். ஒரே வரியில் சொல்லத் தெரிந்தால் இத்தனை நாள் எழுதியிருப்பேனா.

வந்தால் பாதிக்கு மேல் இடங்களில் தோற்றவர்களையும் கட்சிக்குக் காத்திருப்பவர்களையும்தான் உட்கார வைப்பார்கள். எல்லாக் கட்சியும் அதைத்தான் செய்யும். செலவு தெண்டம் என்பது அவ்வளவு பெரிய வாதம் இல்லை, இதைவிடப் பெரிய தெண்டங்களை நாம் பார்த்தாயிற்று. நான்கு மாதத் தாமதம் சில மசோதாக்களுக்கு நல்லது. விவாதம் இல்லாமல் ஒரே பிற்பகலில் பத்து மசோதா போவதைப் பார்க்கும்போதெல்லாம் மாடி அறைக் கிழவர் இருந்தால் இருமியாவது வைப்பாரே என்று தோன்றும்.

ஆனால் அதே சட்டம், அதே ஆசிரியர் தொகுதி என்றால் என் கையெழுத்து இல்லை.

மார்ச் 19, இரவு 8.00

அம்மாவிடம் கேட்டேன். எண்பத்தாறு வயது. காது கொஞ்சம் மந்தம், நினைவு மந்தம் இல்லை. மேல்சபை மறுபடி வரும் என்று பேசுகிறார்கள், வந்தால் நல்லதா என்றேன். யோசித்தார். "தொடக்கப் பள்ளிக்கு ஓட்டு உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியென்றால் உன் அப்பாவையே கேள்" என்றார்.

அப்பா போய்ப் பதினொரு ஆண்டு ஆகிறது. சுவரில் இருக்கும் படத்தைக் காட்டிச் சொன்னார். படத்தில் அந்த வேட்டிதான்.